குலுக்கினால் சத்தம் போட்ட வால்வு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் சும்மா விடாத ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. உங்கள் தெருவில் ஒருவர் நிச்சயம் உண்டு. அலுவலகத்தில் இரண்டு பேராவது தேறுவார்கள். கெட்டுப்போன சாமானைக் கண்டால் இவர்களுக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. ஆனால் ஒரு மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றினால், ஒரு குழாய் சொட்டாமல் நின்றால், ஒரு கடிகாரம் மாதக் கணக்கில் சரியான நேரம் காட்டினால், கை அரிக்க ஆரம்பித்துவிடும். "எதுக்கும் ஒரு தடவ தொறந்து பாத்துடலாமே!" என்பார்கள். அந்த 'எதுக்கும்' இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். பகலில் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பரம சாது. இவருக்கு இவருடைய மைத்துனர் வைத்த பெயர் 'திறப்பு விழா'. விடுமுறை நாளானால் கிழிந்த பனியனோடு காரின் முன்னால் போய் நிற்பார். முதலில் பானெட்டின்மேல் காதை வைத்து, கண்ணை மூடி, "ம்ம்ம்..." என்பார். பிறகு பழைய படுக்கை விரிப்பு ஒன்று தரையில் விரியும். கழற்றிய திருகுகளை வரிசைக்கிரமமாக ஒரு டப்பா மூடியில் அடுக்குவார்; ஒரு தும்மல் வரும்; வரிசை போகும். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபின் ஒரே ஒரு திருகு மிச்சம் இருக்கும். அது இவர் குற்றமா என்ன? "கம்பெனிக்காரன் ஒண்ணு கூடப் போட்டிருக்கான்" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

மெக்கானிக் என்றாலே இவருக்கு ஆகாது. நல்ல சாமானை எல்லாம் கழற்றி வீசுகிறான் என்பது இவர் கட்சி. ஆகவே மெக்கானிக் கழற்றிப் போட்ட ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கி வந்து, துடைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கிறார். வீட்டில் பிஸ்கட்டுக்கு இடமில்லை.

அன்றைக்கு அவர் மனைவிக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. பதினோரு மணிக்கு, இதே காரில். புது வேலை கிடைத்திருந்தது. வேலை இடம் ஊருக்கு வெளியே, பஸ் எட்டிப் பார்க்காத இடம். திங்கட்கிழமை வரும்போது உரிமத்தோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முதல் தடவை மேட்டில் எஞ்சின் அணைந்து அந்த அம்மாள் தோற்றிருந்தாள். இதையும் விட்டால் அடுத்த தேதிக்கு மூன்று மாதம் ஆகும். வேலை அதுவரைக்கும் உட்கார்ந்திருக்குமா? காலை எட்டு மணிக்கு, சமையலறையில் நின்றபடி இடது கையால் காற்றில் கியர் மாற்றிப் பழகிக்கொண்டிருந்தவள், ஜன்னல் வழியே பார்த்தாள். பானெட் திறந்திருந்தது.

"ஏங்க! இன்னைக்கா?"

"அஞ்சே நிமிஷம். பி.சி.வி. வால்வுன்னு ஒண்ணு இருக்கு. அத மட்டும் பாத்துடறேன்."

"அதுக்கு என்ன?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. எதுக்கும் பாத்து வெச்சுக்கறது நல்லது. எல்லாம் உனக்காகத்தானே!"

கேட்டீர்களா? இந்த இனம் தனக்காக எதையும் திறந்ததே கிடையாது.

பி.சி.வி. வால்வு என்பது கட்டைவிரல் அளவு சாமான். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடாமல், அளவாகத் திருப்பி எஞ்சினுக்கே அனுப்புவது அதன் வேலை. யார் வம்புக்கும் போகாமல் தன் பாட்டுக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த அதை, நம்மவர் டியூபைக் கழற்றி, 'பொக்'கென்று பிடுங்கி, காதருகே வைத்துக் குலுக்கினார். கடகடவென்றது. அவ்வளவுதான், முகத்தில் ஒரு வெற்றி!

"பாத்தியா, பாத்தியா! உள்ள என்னமோ உடஞ்சு கெடக்கு. நல்லவேள தொறந்தேன்!"

ஓடிப்போய் டின்னைக் கவிழ்த்தார். போன வருஷம் மெக்கானிக் கழற்றிப் போட்ட பழைய வால்வு கிடைத்தது. குலுக்கினார். சத்தமே இல்லை. கல் மாதிரி இருந்தது.

"இதுல்ல சாமான்! இதப் போயி கழட்டிப் போட்டானே, படுபாவி!"

மாட்டினார். சாவியைத் திருப்பினார். பச்சைத் தண்ணீரில் குளித்த குழந்தை மாதிரி கார் வெடவெடவென்று நடுங்கியது, இரண்டு தடவை இருமியது, நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி நடுங்கி நின்றது. மணி ஒன்பதே முக்கால்.

மனைவி வெளியே வந்தாள். திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"பெட்ரோல் சரியில்ல போலருக்கு" என்றார்.

"நேத்தும் இதே பெட்ரோல்தான ஓடிச்சு?"

"அது நேத்து."

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நம்மவர் கெட்டவர் இல்லை, பாவம். அந்த உரிமம் அவள் கைக்கு வரவேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர்தான். ஆனால் இந்த இனத்துக்குத் துக்கம் வந்தாலும் ஒரே வழிதான் தெரியும். அடுத்த மூடியைத் திறக்கக் கை நீண்டது. அவள் அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா. சார் எதத் தொறந்தாரு?" இதுதான் மெக்கானிக்கின் முதல் கேள்வி.

"பி.சி.வி. வால்வ மாத்தினேம்பா" என்றார் நம்மவர் விறைப்பாக. "உள்ள உடஞ்சு கடகடன்னு ஆடிச்சு."



"சார், அது ஆடணும் சார். ஆடினாத்தான் உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஆடலேன்னா அழுக்கடச்சு உள்ள சிக்கிக்கிச்சுன்னு அர்த்தம். போன வருஷம் ஒண்ணு அப்படித்தான் சிக்கிக் கெடந்துது, கழட்டிப் போட்டேன். ஆமா, இப்ப எந்த வால்வப் போட்டீங்க?"

நம்மவர் வானத்தைப் பார்த்தார். மழை வரும்போல் இல்லை.

அதற்குள் அவள் படுக்கை விரிப்பில் கிடந்த கடகட வால்வைத் தேடி எடுத்துவிட்டாள். "நீங்க தொடாதீங்க, டியூபு எங்க போகும்னு மட்டும் காட்டுங்க." புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு, கல் மாதிரி இருந்த வால்வைப் பிடுங்கி எறிந்து, நல்லதை அழுத்தி, டியூபை மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. "ஆங், இதான்!" என்றது போன்.

உரிம அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது ஐந்து நிமிஷம்தான் மிச்சம். நம்மவரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கார் வளைவில் திரும்பியது, மேட்டில் ஏறியது, பாதியில் நின்றது. நிறுத்தச் சொல்லித்தான் நிறுத்தினாளா, தானாக நின்றதா? வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். வண்டி மெல்ல நகர்ந்து மேட்டைத் தாண்டி மறைந்தது.

கால் மணி கழித்து, கையில் ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்தபடி அவள் ஓடி வந்தாள். சிரிப்பும் அழுகையுமாக, "ஏங்க, பாஸ்ங்க!" என்றாள். அவரும் ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு கேட்டார்:

"மேட்டுல நிறுத்தினப்போ, எஞ்சின் ஒரே சீரா ஓடிச்சா? இல்ல, லேசா நடுங்கிச்சா?"

வாசகரே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்களா? அல்லது அவள் என்ன பதில் சொன்னாள் என்று பார்க்க அவசரமாக இந்த வரிக்கு ஓடி வந்தீர்களா? ஓடி வந்திருந்தால், காரின் சாவியை இன்றைக்கே வீட்டுக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிடுங்கள்.