காயில் அண்ணாச்சிக்கு ஒரு வினைச்சொல்

கரிசல் காட்டில் மோட்டார் எரிந்துபோனால், மோட்டாரை நினைத்து அழுகிறவர்களைவிடக் காயில் அண்ணாச்சியை நினைத்து அழுகிறவர்கள்தான் அதிகம். இதை நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

கோவில்பட்டியில் ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் அவருடைய ரீவைண்டிங் கடை. கடைக்கு மேல் மாடியில் நான் குடியிருக்கிறேன். எரிந்த மோட்டாரைப் பிரித்து, செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் காயில் கட்டுவதில் எட்டயபுரம் வரைக்கும் அவருக்கு நிகரான ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் மனிதர் ஊரையே படுத்தி எடுத்தார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. நல்ல நாளிலும் இழவு வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு மிளகாய்க்காரர் போர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பாவம், அங்கே தோட்டத்தில் மிளகாய்ச் செடி தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது.

“என்ன செஞ்சுது?” என்றார் அண்ணாச்சி.

“ஓடிக்கிட்டே இருந்துச்சு அண்ணாச்சி. திடீர்னு ஆஃப் ஆயிட்டு.”

“ஆஃபு இருக்கட்டும். அது வாலுல்லா? மாடு எங்க?”

மிளகாய்க்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். மாடு எதுவும் இல்லை.

“இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல் சொல்லுங்க. வால் சேருத சொல்லா இருக்கணும். சொன்னாத்தான் மோட்டாரத் தொடுவேன்.”

அண்ணாச்சி சொல்வதில் ஒரு நியாயம் இருந்தது. வெள்ளைக்காரன் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லைக் கட்டிவிட்டுப் போனான். நாம் மாட்டை அவிழ்த்து விரட்டிவிட்டு வாலை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஃபேனை ஆஃப் பண்ணு என்கிறோம், சட்டையை இன் பண்ணு என்கிறோம். சார்ஜ் டவுன் ஆகிறது, கிரிக்கெட்டில் மட்டுமல்ல, அரசியலிலும் ஆள் அவுட் ஆகிறான். ஊர் முழுக்க இப்படி வால்கள் நடமாடுகின்றன. வினைச்சொல்லை மட்டும் காணோம்.

மிளகாய்க்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். கல்லூரிப் பெண்களிடம் கெஞ்சி, “புட்” என்று ஒன்றை வாங்கிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். அண்ணாச்சி அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

பேங்க் மேனேஜர் ஒருவர் வீட்டு மோட்டாரோடு வந்து, எடுத்த எடுப்பில் “கெட்” என்றார், ஏதோ லாட்டரியில் விழுந்த மாதிரி. “கெட் வேண்டாம் சார். இந்த வாரம் கெட்டாவே வந்துக்கிட்டிருக்கு” என்று மோட்டாரைத் தெருப் பக்கமாக நகர்த்தி வைத்தார் அண்ணாச்சி. மேனேஜர் வீட்டில் அன்று குளிக்கவில்லை என்று கேள்வி.

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் என்னிடம் கட்டுக்கட்டாக ஆங்கிலம் இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஒருநாள் கெத்தாக, “கம்யூனிகேட்” என்றேன்.

“இதுக்கு வால் சேருமா?”

“சேராது அண்ணாச்சி.”

“படிச்ச ஆளு. மொட்ட மாட்டப் புடிச்சுக்கிட்டு வருதீங்க” என்றார். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் வீட்டையே காலி செய்துவிடலாமா என்று தோன்றியது.

அந்தக் கோபம் ஒரு சாயங்காலம் தீர்ந்தது. கடைக்குப் பின்னால்தான் அவர் வீடு. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று சொல்லப் போனேன். கதவு திறந்திருந்தது. நாற்காலியில் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் ஊருக்கும் அண்ணாச்சிக்கும் அந்த அம்மாள் ‘டீச்சர்’தான். பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. எதிரே முக்காலியில் அண்ணாச்சி, வார்னிஷ் கையோடு.

“டீச்சர்... புட்.”

டீச்சரின் உதடு கோணியது. கண் சுருங்கியது. எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்த மாதிரி ஒரு குரல்.

“ஆஃப்.”

“கரெக்ட் டீச்சர்!” அண்ணாச்சி முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என்னைக் கண்டதும் வெளியே வந்தார். “தண்ணின்னு கேக்க வரல அவளுக்கு. என் பேரும் வரல. கிளாஸ்ல இவ மாட்டச் சொல்லுவா, புள்ளைங்க வாலச் சொல்லும். அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. பேச வச்சிக்கிட்டே இருங்க, விட்டா அதுவும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் எட்டாங் கிளாஸ். எனக்கு எத்தன வினைச்சொல் தெரியும்? சொன்னதையே சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிடுதா.”

மாடிக்குத் திரும்பி டிக்ஷனரியை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து, மோட்டார் இல்லாமலே தினமும் அவருக்கு ஒரு வினைச்சொல் கொடுத்தேன்.

ஐப்பசியில் டீச்சருக்கு மறுபடியும் ஒரு தடவை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வால்கள் எல்லாம் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. எதைக் கேட்டாலும் “ஆன்”.

மறுநாள் கடையில் சட்டம் மாறியது. ஆன் சேருகிற வினைச்சொல்தான் வேண்டும், மற்றதெல்லாம் செல்லாது. ஏன் என்று கேட்டேன்.

“அவ தப்பாச் சொல்லிறக் கூடாதுல்லா” என்றார்.

இங்கிலீஷ்காரன் இந்த விஷயத்தில் தாராளமானவன். கோ, கம், கேரி, ட்ரை என்று எதன் பின்னால் ஆனைப் போட்டாலும் ஏதோ ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. டீச்சர் கடைசி வரைக்கும் ஒரு தப்புக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பதில் வர நேரமாகிக்கொண்டே போனது. அண்ணாச்சி முக்காலியில் அசையாமல் காத்திருப்பார். பதில் வராவிட்டால் மறுநாள் கடை திறக்க மாட்டார்.

மிளகாய்க்காரர் அந்த நாட்களில் மறுபடியும் மோட்டாரோடு வந்தார். ஆனுக்குச் சேருகிற சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. நான் டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சி சொல் வாங்காமலே காயில் கட்டிக் கொடுத்து, “அடுத்த தடவ வரும்போது கொண்டாங்க” என்று அனுப்பினார்.

தை பிறக்கும் முன்னே டீச்சர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணாச்சி கடையைத் திறந்தார். வந்த மோட்டாரை எல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கி வைத்தார். முன்பு அவரைத் திட்டிய ஆட்கள், என்னிடம் வந்து “அவர ஏதாவது கேக்கச் சொல்லுங்க சார், பயமா இருக்கு” என்றார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் மிளகாய்க்காரர் வெறுங்கையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். மோட்டார் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணாச்சி, பாக்கி வச்சிருந்தம்லா, கொண்டாந்துட்டேன். எம் மக சொல்லிக் கொடுத்தா. ஹோல்ட்! ஆனுக்குச் சேருமாம். டீச்சரம்மாட்டச் சொல்லுங்க.”

நான் பதறிப்போய் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

“நல்ல சொல்லு. இது இன்னும் வரல. சாயங்காலம் சொல்லுதேன்” என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். மிளகாய்க்காரர் சந்தோஷமாக பஸ் ஏறினார்.

“ஏன் அண்ணாச்சி அவர்ட்டச் சொல்லல?”

“ஒத்தச் சொல்லத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் வந்திருக்காரு. எப்படிச் சொல்ல?”

சாயங்காலம் மனசு கேட்காமல் பின்பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. அண்ணாச்சி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலி.

“டீச்சர்... ஹோல்ட்.”

பதில் எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அது டீச்சர் சொல்ல வேண்டியது. அண்ணாச்சி எழுந்திருக்கிற வரைக்கும் நானும் வாசலிலேயே நின்றிருந்தேன்.