மணச்சுன் பலகை

மரத்தில் இருக்கும்போது சிவப்பு, வெந்நீரில் குளித்து எழுந்தால் பச்சை. அது என்ன?

விடை தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். வட்டார மணச்சுன் தரச்சான்று அலுவலகத்துக்கும் தெரியாது.

சீனாவின் ஷாண்டோங் மலையடிவாரத்தில் சுன் மரம் இரண்டு வகை. மணச்சுன் கொழுந்தை முட்டையோடு பொரித்துத் தின்பார்கள். நாற்றச்சுன்னை ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. வசந்தம் வந்தால் நகரத்துக்காரர்கள் காரில் வந்து மணச்சுன்னோடு படம் எடுத்துக்கொள்வது நாகரிகமாகிவிட்டது. ஆகவே எந்த மரம் மணக்கிறது என்று அரசாங்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மணக்கும் மரத்து வீட்டு வாசலில் பித்தளைப் பலகை மாட்டினார்கள்.

எதிர்வீட்டில் பலகை மின்னியது. லுவான் யின்ஹுவாவுக்குத் தூக்கம் போயிற்று.

ஊரில் எல்லாரும் அடுத்தவர் மரத்தடியில் முளைக்கும் வேர்க்கன்றைக் கேட்டு வாங்கி நடுவார்கள். எதிர்வீட்டோடு பேச்சு இல்லாததால் யின்ஹுவா விதை போட்டாள். விதையின் சிறகைத் தேய்த்து உதிர்த்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரமணலில் முளைகட்டி, கன்றாக்கி நட்டாள். தன்னை உயரமாக வளர்த்துவிடச் சொல்லி மகள் யாயா புத்தாண்டுதோறும் அந்த மரத்தைக் கட்டிக்கொள்வாள். போன வருஷம்வரை ஒல்லி மரம்தான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்த வசந்தத்தில்தான் பறிக்கிற அளவுக்குக் கொழுந்து விட்டது. முதல் பொரியல் யாயாவுக்கு என்று அம்மா வாக்குக் கொடுத்தாள். கையோடு பலகைக்கும் விண்ணப்பித்தாள்.

அலுவலர் மூ வந்தார்.

"மோந்து பாத்தாலே தெரியுமே ஐயா," என்றாள் யின்ஹுவா.

"மூக்கு ஆளுக்கு ஆள் மாறும்க்கா. நிறம் மாறாது."

சிவப்புக் கொழுந்தைப் பறித்து, சிவப்பு என்று எழுதிக்கொண்டார். உண்ணத்தக்கதா என்று அறிய அதை வெந்நீரில் முக்கினார்கள். பச்சையாகிவிட்டது. மூ திடுக்கிட்டார். சட்டியில் இலையை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு, இன்னொரு பிடி பறித்துத் தாமே முக்கினார். அதுவும் பச்சை. விஷயம் தம் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்று அறிவித்தார். பிறகு அந்த மாதிரிகள், முட்டையோடும் ஆவியில் வெந்த ரொட்டியோடும், முறைப்படி அப்புறப்படுத்தப்பட்டன. யாயா கதவோரம் நின்று பார்த்தாள்.

மறுநாள் மூவோடு இயக்குநர் சூய் வந்தார். கண்ணிமைக்காமல் சட்டியைக் காவல் காத்தார். பச்சைதான். தண்ணீரில் கோளாறு என்று எதிர்வீட்டுத் தண்ணீரில் முக்கினார்கள். பச்சை. இந்த மாதிரிகளும் முறைப்படி அப்புறப்படுத்தப்பட்டன. இயக்குநர் விரலைச் சூப்பிவிட்டு, இவ்வளவு சோதித்தும் முடிவு தெரியவில்லை என்று வருந்தினார்.

உச்சியில் ஒரே ஒரு பிடி கொழுந்து மிஞ்சியிருந்தது. அதையும் பறித்துப் பொரித்தார்கள். விதிப்படி, பாரபட்சமற்ற சாட்சியாகப் பள்ளி செல்லாத குழந்தையைக் கேட்கலாமாம். மணந்தால் பலகை, பலகை வந்தால் வருஷாவருஷம் முதல் கொழுந்து அலுவலகச் சோதனைக்கு. நாறினால் அலுவலகத்துக்கு அங்கே வேலை இல்லை.

கிண்ணம் யாயாவின் கைக்கு வந்தது.

"சொல்லு கண்ணு, மணக்குதா, நாறுதா?"

யின்ஹுவா மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். வாசலில் ஆணி அடித்தாகிவிட்டது.

யாயா நெடுநேரம் மோந்தாள்.

"நாறுது."

இயக்குநர் எழுதிக் கையெழுத்திட்டார். எழுதியதை மூ ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு நாளா நாம தின்னது?"

அதுவரை கல்லுப்போல் இருந்த இரண்டு வயிறுகளும் அலுவலக முடிவுக்குக் கட்டுப்பட்டு அப்போதே வலிக்கத் தொடங்கின. இருவரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். யின்ஹுவா ஆணியில் துடைப்பத்தை மாட்டினாள்.

கடைசி மாதிரியை யாயா முறைப்படி அப்புறப்படுத்தினாள்.