டீ பெஞ்சிலிருந்து என்னை எழுப்பிவிட்டதற்குக் காரணம் கேட்டு

கரையான்சாவடி,
வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பும் பாசமும், போன மாதம் வரைக்கும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஹேமநாதனுக்கு,

உன் அக்கா தாயம்மாளின் புருஷன் கன்னியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கத் தெருக்கோடி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கோபத்தில் இருக்கிறவன் இதையெல்லாம் எழுத வேண்டியதில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது, அதை நான் விடுகிறவன் இல்லை. இந்தக் கடிதம் முழுக்க அந்த முறையைப் பற்றித்தான்.

நீ நடத்துகிற 'டீ பெஞ்சு' வாட்ஸப் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டாய். காரணம் சொல்லவில்லை. நீ இருக்கிற திருமழிசைக்கும் கரையான்சாவடிக்கும் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் கிடைத்ததா என்று பார்ப்பதற்குள் இறங்கிவிடலாம். நேரில் வந்து, "மாமா, உன்னால ரோதனையா கீது, எழுந்து போ" என்று சொல்லியிருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பேன். போன் செய்து கேட்கலாமே என்பாய். நீக்கினவனுக்கு நானே போன் செய்வதா? எனக்கும் ரோஷம் இருக்கிறது. அதனால்தான் தபால். போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டதற்கு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கோர்ட் கேஸா சார்?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

எந்தக் குற்றத்துக்காக நீக்கினாய் என்று நானே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது. மகள் காவ்யாவின் பிரசவத்துக்கு என்று உன் அக்கா புனேவுக்குப் போனாள். பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதாம். இவள் இன்னும் டிக்கெட் போடவில்லை. ராத்திரி போன் செய்து, "சாப்ட்டீங்களா? கேஸ் சிலிண்டரை மூடிட்டீங்களா?" என்று கேட்பாள், அதற்குள் குழந்தை அழும், வைத்துவிடுவாள். பேரன் விஷயத்தில் நான் குறை சொல்ல முடியுமா? ஆக, மீதிப் பேச்சுக்கெல்லாம் எனக்கு உன் டீ பெஞ்சுதான்.

முதல் குற்றம், காலை வணக்கம். பூவும் சூரியனும் போட்டு எல்லாரும் அனுப்புகிறார்கள். ஒருத்தன் வணக்கம் வைத்தால் பதில் வணக்கம் வைக்காமல் போவது எந்த ஊர் வழக்கம்? மண்ணூர்பேட்டை கம்பெனியில் லேத்தில் நின்ற காலத்தில், கேட்டில் நுழைந்தால் வாட்ச்மேன் முதல் மேஸ்திரி வரை ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லி விசாரித்துவிட்டுத்தான் மிஷினைத் தொடுவேன். இங்கேயும் அதையே செய்தேன். உன் கூட்டாளிகளில் எழிலுக்கு அம்மா முட்டிவலி, கிரணுக்குப் பையனின் பல், ஸ்ரீநாத்துக்கு வண்டி ரிப்பேர் என்று தனித்தனியாக விசாரித்தேன். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த எழில், "மாமா, என் போனு கோயில் மணி மாதிரி அடிச்சிகினே கீது, எங்க அம்மா முட்டி நல்லா கீது, நான்தான் நல்லா இல்ல" என்று எழுதினான். அவன் அம்மாவுக்கு முட்டி சரியானதில் எனக்கு நிம்மதி.

இரண்டாவது, பாட்டு. எனக்குப் பாட்டின் வரி நிற்காது, நடுவில் வருகிற வயலின்தான் நிற்கும். யாராவது பாட்டுப் போட்டு, "இது எந்தக் காலத்துப் பாட்டு?" என்று கேட்டால், அந்த வயலினை நான் வாயாலேயே வாசித்து அனுப்புவேன். தபேலாவைத் தொடையில் தட்டுவேன். ஒருமுறை புல்லாங்குழல் வரும் இடத்தில் குக்கர் விசில் சேர்ந்துகொண்டது. கிரண் அதைத் தன் போனுக்கு மணியாக வைத்துக்கொண்டானாம். ஆபீசில் அவன் மேனேஜர் கூப்பிடும்போதெல்லாம் நான் அலறுகிறேனாம். இதில் பாராட்டு எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

மூன்றாவதுதான் பெரிசு, அரசியல். ஜெகன் ஒரு கட்சி, ஸ்ரீநாத் எதிர்க் கட்சி. இரண்டு பேரும் உன்னோடு ஒரே கம்பெனியில் ஒரே டிபன் பாக்ஸில் கை வைக்கிறவர்கள், போனில் மட்டும் வெட்டு குத்து. சண்டை முற்றிப்போனது. எங்கள் கேன்டீனில் இப்படி ஆனால் நான்தான் தீர்த்துவைப்பேன். ஒருத்தனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், "நீ சொல்றதுதான் நியாயம், அவன் வெத்துவேட்டு, விடுடா" என்பேன். பிறகு அடுத்தவனைத் தள்ளிக்கொண்டு போய் அதையே சொல்வேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு டீ குடிப்பார்கள். எத்தனை ஸ்டிரைக்கைத் தாண்டிய வைத்தியம் அது! அதையே இங்கேயும் செய்தேன், இருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஆனால் காதில் சொன்னதைப் படம் பிடித்து எல்லார் முன்னாலும் மாட்டலாம் என்று எனக்கு யார் சொன்னது? இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஜெகன், "இன்னா மாமா, ரெண்டு ஊட்லயும் மொய் எழுதுறியா?" என்றான். ஸ்ரீநாத், "மாமேய், இந்த ஒரு விஷயத்துல ஜெகன் சொல்றது கரெக்ட்டு" என்றான். அவர்கள் கூட்டணி வைத்தது என்னால்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி, எனக்கு நடுவிலும் விழுந்தது.

நான்காவது, உன் பெரியம்மா மகள் ராதிகா விஷயம். ஒருநாள் பார்த்தால், 'ராதிகா வெளியேறினார்' என்று இருக்கிறது. அவ்வளவுதான். ஏன், எங்கே, ஒரு வார்த்தை இல்லை. ஒரு மனுஷி வீட்டை விட்டுப் போகும்போது, "போய்ட்டு வரேன்" என்று சொல்லாமல் போவாளா? "போறேன்" என்றாலே அச்சானியம் என்பார்கள், இது அதுவும் இல்லை. நீங்கள் யாரும் ஒரு வரி கேட்கவில்லை, அதற்கு அடியிலேயே பரோட்டா சால்னா படம் போட்டீர்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஆவடிக்கு பஸ் ஏறிவிட்டேன். கதவைத் திறந்த ராதிகா என் முகத்தைப் பார்த்ததும், "ஐயையோ மாமா, யாரு? யாரு போய்ட்டாங்க?" என்று கத்தினாள். அவள் புருஷன் பாதி ஷேவிங்கில் ஓடி வந்து சட்டையை மாட்டிக்கொண்டு மாலை எங்கே வாங்கலாம் என்று கேட்டார். நீதானம்மா போய்விட்டாய், அதனால்தான் வந்தேன் என்றேன். போன் நம்பரை மாற்றினாளாம், அவ்வளவுதான். பிறகு இட்லி போட்டாள். பழைய கதை பேசினோம், சிரித்தோம். கிளம்பும்போது குடும்பமே வாசலில் நின்று, "போய்ட்டு வாங்க மாமா" என்றது. சொல்கிறேன் மச்சான், இந்த வருஷத்தில் எனக்கு நல்ல நாள் அதுதான். மறுநாள் அவள் புது நம்பரில் குரூப்பில் சேர்ந்து இதைச் சொல்ல, எனக்கு 'போலீஸ் மாமா' என்று பேர் வைத்தீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் நீக்காதவன் இப்போது ஏன் நீக்கினாய்? எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். எல்லாரும் ஒரே லைனில் பேசினோம். பாட்டு, எலெக்ஷன், வெங்காய விலை, ஜெகன் மாமியார் என்று ஜோராகப் போயிற்று. நானும் வழக்கம்போல ஒவ்வொருத்தருக்காக, "வரேன்பா, வரேம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஸ்ரீநாத், "மாமே, இது போனு, கல்யாண ஊடு இல்ல, கட் பண்ணு" என்றான். கட் செய்துவிட்டதாக நினைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட் ஆகவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், எல்லாரும்தான் கேட்டீர்களே. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "தாயம்மா, பால் வாங்கினு வரேன்" என்றேன். பூட்டினேன். திரும்பி வந்து, "வந்துட்டேம்மா" என்றேன். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, "இவ்ளோ போதுமா?" என்றேன். "போதும் போதும், போன வாட்டி புளிச்சிகினு கெடந்துச்சி" என்று நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் பைக்குள்ளிருந்து கிரண் குரல், "மாமா, அக்கா எப்ப வந்தாங்க? சொல்லவே இல்லயே!" யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஒருத்தரும் பேசவில்லை. சிரித்துக்கொண்டே இருந்திருந்தால் நானும் கூடச் சிரித்துச் சமாளித்திருப்பேன் மச்சான். அந்தச் சத்தமில்லாததுதான் என்னவோ செய்துவிட்டது. வெட்கமாகிவிட்டது. புளிக் கையோடு போனை வெளியே எடுத்து எதை எதையோ அழுத்தினேன், அது கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று அழுத்தினேன். சத்தம் நின்றது. மறுநாள் வணக்கம் போடலாம் என்று பார்த்தால் எழுதுகிற இடத்தையே காணோம். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாத பொடி எழுத்தில் ஏதோ இரண்டு வரி. நான் இனிமேல் அதில் ஆள் இல்லை என்கிறது மட்டும் புரிந்தது.

காலி வீட்டில் பேசுகிறவன் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அப்படி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லிவிட்டுப் போய், சொல்லிவிட்டு வந்த வாய். அவள் இல்லை என்பது மூளைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியவில்லை. இதற்கு ஒரு மனுஷனைப் பெஞ்சிலிருந்து எழுப்பிவிடுவதா? நான் ஒன்றும் தனியாகத் தவிக்கவில்லை, தப்பாக நினைக்காதே, எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. குரூப் இல்லாவிட்டால் குடி முழுகாது. ஆனாலும் காரணம் சொல்லியாக வேண்டும், மறுபடி சேர்த்தாக வேண்டும், அதுவும் நீ எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்த பிறகு.

உன் பிள்ளைகள் சரணும் பாப்பாவும் நன்றாகப் படித்து நூறு வருஷம் இருக்கட்டும். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. உனக்கு ஆசீர்வாதம் உண்டு, பதில் வந்த பிறகு.

இப்படிக்கு,
முறை தவறாத மாமா,
கன்னியப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், அந்தப் பொடி எழுத்து என்னதான் சொல்கிறது, சாட்சிக்கு ஆகும் என்று பக்கத்து வீட்டுச் சுதாவிடம் போனைக் காட்டினேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். "அண்ணாத்தே, உங்கள யாரும் எடுக்கல. நீங்களேதான் வெளிய வந்துகீறீங்க" என்றாள். திரும்பப் படிக்கச் சொன்னேன். திரும்பவும் அதையேதான் படித்தாள்.

ஆகவே மேலே உன்னைத் திட்டினதெல்லாம் வாபஸ். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனவன் நான்தான். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் எழுதுகிறபோது நீ எதிரே உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்தது. அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் வாபஸ் இல்லை. ராதிகா போனதற்கு நான் ஆவடி போனேன். நான் போய் இத்தனை நாள் ஆகிறது, நீங்கள் ஒருத்தரும் கரையான்சாவடிக்கு வரவில்லை. பட்டனை அழுத்தி என்னைச் சேர்த்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. வாழைப்பழம் எல்லாம் வேண்டாம், ரசம் நான் வைக்கிறேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "போய்ட்டு வரேன் மாமா" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போ.