சவுரிராயனின் நிற்காத தலை

தப்பு என்னுடையதுதான். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஸ்கூட்டரைத் திருப்பும்போது, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு வாத்தியாருக்கு விபத்துக் காப்பீட்டின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தேன். "எப்ப என்ன நடக்கும்னு யாருக்கு சார் தெரியும்?" என்று நான் கேட்ட நொடியில் அது நடந்தது.

யாரோ கத்தினார்கள். பிரேக்கைப் பிடித்து நிமிர்ந்தால், முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒல்லியான பெரியவர் ஒருவர் ரோட்டில் குந்தியிருந்தார். சுற்றிலும் சாத்துக்குடிகள் உருண்டுகொண்டிருந்தன.

ஊருக்கெல்லாம் பாலிசி விற்கிற என் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் முடிந்து நாலு மாதம்.

"ஐயா, அடி பட்டுச்சா?"

"பழமெல்லாம் நசுங்கிப்போச்சி பாரு."

நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். தலை இடப்பக்கம் போனது. மறுபடி நீட்டினேன். வலப்பக்கம் போனது. சும்மா பேசும்போதும் கொடியில் தொங்கும் சுரைக்காய் மாதிரி அது ஆடிக்கொண்டே இருந்தது.

"தலையில பட்டிருக்கு" என்றார் டீக்கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே. "எங்க சித்தப்பாவுக்கும் இப்டித்தான் ஆடிச்சி. மூணே நாளு."

"வாங்கய்யா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று கெஞ்சினேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கூட்டினு போறியா? செரி, வா."

நாலு கடை தள்ளியிருந்த கிளினிக்கின் வாசலில் நிறுத்தியபோது அவர் முகம் தொங்கிப்போனது. "இதுவா?"

உள்ளே டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்தார். அடித்த இடத்தில் கண் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை வெளிச்சம் பின்னாலிருந்த என் மூஞ்சியில் விழுந்தது.

"பெரியவரே, ஆடாம இருங்க."

"நான் எங்க ஆடறேன்?"

"பேரு? என்ன வேலை பாத்தீங்க?"

"சவுரிராயன். மார்க்கெட் கமிட்டில மல்லாட்ட, வேர்க்கடல மூட்ட தூக்கினேன். அதுக்கு முன்ன பாக்ஸிங்."

எனக்கு உயிர் வந்தது. அடி வாங்கிப் பழகிய உடம்பு, தாங்கும். டாக்டரோ பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பாக்ஸரா? அப்ப பழைய அடி வேற உள்ள இருக்கும். அதுமேல இது. ஸ்கேன் எடுக்காம விடக்கூடாது. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"முண்டியம்பாக்கமா?" சவுரிராயன் எழுந்தே விட்டார். "வா தம்பி, ஜல்தியா போலாம்."

அவருக்கே பயம் வந்துவிட்டதென்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஸ்கூட்டரில் ஏற்றத் துணிவில்லாமல் வாடகைக் கார் பிடித்தேன். பாதி வழியில் என் மனைவி சங்கவி போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"ரத்தம் வருதாங்க?"

"இல்லடி, ஒரு சொட்டு இல்ல."

"அய்யய்யோ, அப்ப உள்ளயே கசியுது!"

தலையில் அடிபட்டவரைத் தூங்க விடக்கூடாதென்று எங்கோ கேட்டிருந்தேன். அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன்.

"பெரிய பாக்ஸராய்யா நீங்க?"

"எழுபத்தொம்பதுல ஸ்டேட் சாம்பியன்."

"கேள்விப்பட்டதே இல்லியே."

"எவனுக்குமே தெரியாது. ஜெயிச்சன்னிக்கே கூட்டம் என்னப் பாத்து ஊள வுட்டுச்சி. 'அடிக்கறானா பாரு, டான்ஸ் ஆடிக்கினு கீறான்'னு." அவருக்கு அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "நான் ரெண்டு ரவுண்டு கையே நீட்டமாட்டேன் தம்பி. எதிராளி வீசிக்கினே இருப்பான், எல்லாம் காத்துல போவும். மூணாவது ரவுண்டுல அவனால கையத் தூக்க முடியாது. அப்ப ரெண்டே ரெண்டு தட்டு. பாயிண்ட்டு எனக்கு. பேப்பர்ல தோத்தவன் படத்ததான் போட்டாங்க. அவன் அழகா அடிச்சானாம்."

சொன்னதோடு விடாமல், உட்கார்ந்தபடியே குனிந்தும் நெளிந்தும் காட்டினார். டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, வலிப்பு என்று முடிவுகட்டி, காரைப் பறக்கவிட்டார். இப்போது மூன்று உயிருக்கும் நான்தான் பொறுப்பு.

"ஐயா, தலை சுத்துதா? நெசத்த சொல்லுங்க."

"விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிட்டமா?"

குத்துக்கு மட்டுமல்ல, கேள்விக்கும் அவர் முகம் கொடுப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, சீட்டு வாங்கி, சக்கர நாற்காலியையும் தள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். பெஞ்சு காலி. தலை கலங்கிய மனிதரை இடித்தது போதாதென்று தொலைத்தும் விட்டேன். வெற்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வராந்தா வராந்தாவாக "சவுரிராயன் ஐயா!" என்று அலறினேன். எதிரே வந்தவர்கள் எனக்கு வழிவிட்ட விதத்தில், நோயாளி நான்தான் என்று நினைத்திருக்க வேண்டும்.

கடைசியில் ஆண்கள் வார்டில் இருந்தார். பச்சை அங்கி போட்ட ஒரு பருமனான மனிதரின் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்திருந்தார்.

"ஐயா! அடிபட்ட தலைய வச்சிக்கினு இப்டி அலையலாமா?"

"யாருக்கு அடி?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"என் ஸ்கூட்டர் இவர இடிச்சிடுச்சிங்க."

அவர் குலுங்கிச் சிரித்தார். கட்டில் கிறீச்சிட்டது. "இவனயா? ரிங்குல எட்டு வாட்டி இவனோட மோதியிருக்கேன், இந்த பாண்டுரங்கன். இவன் மூக்க ஒரு தரம் தொட்டதில்ல. உன் ஸ்கூட்டர் தொட்டுடுச்சாமா!"

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக ஆட்கள் வந்தார்கள். "பயமா கீதுடா" என்றார் பாண்டுரங்கன். "போய் வாடா, நான் இங்கியேதான் இருப்பேன்" என்றார் சவுரிராயன். கட்டில் உருண்டு கதவுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சக்கர நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. நேரா பதில் சொல்லுங்க. அடி பட்டுச்சா, இல்லியா?"

சவுரிராயன் முதல்முறையாகத் தலை அசையாமல் என்னைப் பார்த்தார்.

"படல தம்பி. அவன உள்ள கூட்டினு போறதுக்குள்ள வந்து சேரணும், ஆனா பஸ்ஸ வுட்டுட்டேன்."