ஒரே நாற்காலிக்குப் பாடும் ஸ்பீக்கர்

இன்று சாயங்காலத்துக்குள் என் மனைவியைப் பாட்டுப் பைத்தியமாக்கியே தீருவது என்று சபதம் எடுத்தேன். வேறு வழியில்லை. என் ஸ்பீக்கர்களின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

சாதாரண ஸ்பீக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பிறப்பதற்கு முன்பே செய்தவை. பெட்டி கிடையாது, கூம்பு கிடையாது. ஆளுயரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்ததும் அந்தத் தாளே பாடும். பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்! இதற்காக ஊர் ஊராக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு சங்கடம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் எதிரே, நட்டநடுவில், சரியான தூரத்தில் போட்ட ஒரே நாற்காலியில்தான் அந்த அதிசயம் நடக்கும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், பாடகி கோபித்துக்கொண்டு சுவரோரம் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த நாற்காலியில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பேன். இன்றும் அப்படித்தான். மனைவி வந்து நின்றாள்.

"கண்ணாடிக் கடைக்காரர் சாயங்காலம் வர்றார். இந்தத் தட்டி ரெண்டையும் தூக்கிட்டுப் போகட்டும்."

தெருமுனையில் கடை வைத்திருக்கிறவர். பழைய ஸ்பீக்கர் என்றால் அந்த மனிதர் சோறு தண்ணி மறந்துவிடுவார்.

"தட்டியா? அடிப்பாவி, இது பொக்கிஷம்!"

"துணி காயப் போடக்கூட லாயக்கில்ல."

"ஒரே ஒரு பாட்டு கேளு. அப்புறம் சொல்லு."

"எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

"எல்லாம் நான் பார்த்துக்கறேன். உட்காரு தாயே!"

பெரிய மனசு பண்ணி உட்கார்ந்தாள். இசைத்தட்டில் முள்ளை வைத்தேன். கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் கன்னத்தில் நீர் வழிந்தது. ஆகா, ஜெயித்துவிட்டேன்! அந்த சந்தோஷத்தில் பாத்திரம் கழுவினேன், காய் நறுக்கினேன், மெத்தை உறைகூட மாற்றினேன். நடுநடுவே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து இசைத்தட்டைத் திருப்பிப் போட்டேன். அவள் அசையவே இல்லை.

வெயில் இறங்கியது.

"வர வேண்டாம்னு அவருக்கு ஒரு போன் பண்ணிடேன்," என்றேன்.

"யாருக்கு?"

"கண்ணாடிக் கடைக்காரருக்குத்தான்."

"அவரை யாரு கூப்பிட்டா?" கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நீங்க ஆபீஸ் போனதும் தினமும் நான்தானே இதுல உட்கார்ந்து கேட்கறேன். ஞாயித்துக்கிழமையில உங்களை இந்த நாற்காலிய விட்டு எழுப்பத்தான் ஒரு வழியும் தெரியாம இருந்துச்சு."