நான் சபித்த மூன்று ஊர்கள்

அன்று கோயிலில் இருந்தவர்கள்: எங்கள் பாதிரியார் ஞானமுத்து ஐயர்; சபைக்குப் பெரியவரான தேவசகாயம் அண்ணாச்சி; அவர் மனைவி, அசன விருந்தில் சோற்றுக்கு அகப்பை பிடிக்கும் ஞானப்பூ அக்கா; நாங்குநேரியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து கருப்பட்டி வியாபாரம் செய்த மாசிலாமணி; அவர் மகள் பாக்கியம்; இவர்கள் போக நூற்று முப்பத்தேழு பேர்; காணிக்கையாக வந்த இரண்டு ஆடுகள், ஒரு சேவல். பிரசங்க பீடத்தில் நான். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஏறி நின்றதும் பயத்தில் வாய் திறக்கவில்லை. சும்மா நிற்பதற்கு எண்ணலாமே என்று எண்ணினேன். (சேவலை முதலில் ஆள் கணக்கில் சேர்த்து, பிறகு கழித்தேன்.)

நான் பிறவிக் கவலைக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்கே, ஆறாம் வகுப்பில் தோற்றுவிடுவேனோ என்ற கவலைதான் காரணம். (தோற்கவேயில்லை, பார்த்தீர்களா!) அப்பேர்ப்பட்டவன் பிரசங்கம் செய்யத் துணிந்தது பாக்கியத்துக்காக. "உபதேசியார் வேலை கிடைக்கட்டும்வே, அப்புறம் பாப்போம்" என்று மாசிலாமணி நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிரியாருக்கு உதவியாகச் சபையில் வேதம் சொல்லும் அந்த வேலையைத் தரவேண்டியவர் ஐயர். அதற்கு அவர் இரண்டு நிபந்தனை போட்டார்: பாளையங்கோட்டையில் அவர் சனிக்கிழமைதோறும் நடத்தும் பழைய ஏற்பாட்டு வகுப்புக்கு வரவேண்டும், கடைசியில் ஒரு பிரசங்கம் செய்து காட்டவேண்டும்.

ஐயர் பட்டணத்தில் வேதசாஸ்திரம் படித்து, எபிரெய எழுத்தெல்லாம் கற்று வந்தவர். வேதம் வானத்திலிருந்து கறுப்புத் தோல் அட்டை போட்டு விழவில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எதை வாசித்தாலும் நாலு கேள்வி கேட்கவேண்டுமாம்: யார் சொன்னது, எப்போது சொன்னது, எப்படிச் சொன்னது, யாருக்குச் சொன்னது. அதுவரை தீர்க்கதரிசிகள் எல்லோரும் பாளையங்கோட்டைத் தமிழில், என்னை மட்டும் பார்த்துத் திட்டியதாகவே நான் நினைத்திருந்தேன். அவர்கள் வரும் வரும் என்று மிரட்டிய அசீரியர் படை வந்துபோய் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் ஆகிறது என்று அறிந்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். தாமிரபரணியில் வெள்ளம் இறங்கியதும் வந்துவிடுவார்கள் என்றல்லவா இருந்தேன்!

எபிரெயக் கவிதையில் ஒரு கருத்தை ஓரடியில் சொல்லி, அடுத்த அடியில் வேறு வார்த்தையில் மறுபடி சொல்வார்கள் என்றார் ஐயர். இது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. மாசிலாமணியும் அப்படித்தான். "பாப்போம்" என்பார், உடனே, "பொறும்வே, பையப் பாப்போம்" என்பார்.

பிறகு ஒரு தீர்க்கதரிசியைப் பாடம் எடுத்தார். பெயரை எழுதினால் இன்றும் எனக்கு வியர்க்கும். ஆடு மேய்த்தவர் என்பதால் ஆட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். எபிரெயரின் தெற்கு ராஜ்யத்திலிருந்து வடக்கு ராஜ்யத்துக்குப் போனவர். எடுத்ததும் அந்த ஜனங்களைத் திட்டவில்லை. சுற்றியிருந்த பகை ஊர்களை ஒவ்வொன்றாகச் சபித்தார். கேட்டவர்கள் 'சபாஷ்' என்று தலையாட்டியிருப்பார்களாம். வலையைச் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அவர்கள் தலையிலேயே போட்டார். "என்ன கட்டுக்கோப்பு பாத்தீரா!" என்று ஐயர் வியந்தார். நான் பார்த்தேன். பார்த்ததோடு விட்டிருக்கலாம்.

அசனப் பண்டிகை வந்தது. அறுவடைக் காணிக்கை படைத்து, ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். வெளியே ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை. உள்ளே நான், ஆட்டுக்காரரின் உத்தியோடு.

"கங்கைகொண்டானுக்கு ஐயோ!" என்று ஆரம்பித்தேன். "அவர்கள் உழுவதற்கு மாட்டை இரவல் வாங்கி, எலும்பைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்!"

சபாஷ் வரவில்லை. பெண்கள் பக்கத்தில் ஞானப்பூ அக்கா எழுந்து நின்றாள். அவள் பிறந்த ஊர் கங்கைகொண்டான்.

சரி, அடுத்ததில் சமாளிப்போம் என்று, "திருநெல்வேலி டவுணுக்கு ஐயோ! துணி அளக்கையில் அவர்கள் முழம் சுருங்குகிறது!" என்றேன். தேவசகாயம் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். மகளை அவர் கொடுத்திருந்தது டவுண் ஜவுளிக்கடையில்.

அப்போதுதான் உறைத்தது. ஆட்டுக்காரர் சபித்த ஊர்களில் கேட்டவர்களுக்குச் சம்பந்தி கிடையாது. எங்களுக்கோ பெண் எடுத்ததும் கொடுத்ததும் சுற்றுப்பட்டு ஊர்களில்தான். நான் எந்தத் திசையில் கல் எறிந்தாலும் யாராவது ஒருவரின் மாமனார் மண்டையில் விழும்.

இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் வேலை? பாக்கியம்? ஒருவருக்கும் உறவில்லாத ஊர் ஒன்றைத் தேடினேன். தேடும்போது கண் மட்டும் மாசிலாமணியின் முகத்திலேயே நின்றது. பாம்புக்குப் பயந்தவன் பாம்பையேதான் மிதிப்பான்.

"நாங்குநேரிக்கு ஐயோ!" என்றது என் வாய்.

அந்த ஊருக்கு நான் பாவம் எதுவும் எழுதி வரவில்லை. மனசில் இருந்ததே வந்துவிட்டது. "பெண்ணைத் தருவேன் என்பான்! நாலு வருஷமாகப் பார்ப்போம், பையப் பார்ப்போம் என்பான்!"

பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

"என்னலே சொல்லுதான் இவன்!" என்று மாசிலாமணி பாய்ந்தார்.

"இரும்வே," என்றார் தேவசகாயம் அண்ணாச்சி. "நாலு வருஷமா பயல அலைய விடுதீரா?"

"அது... வேலை கெடைக்கட்டும்னு..."

"எங்க ஊரச் சொன்னது பொய்யி," என்றாள் ஞானப்பூ அக்கா. "ஒங்க ஊரச் சொன்னது மெய்தான் போலுக்கே? நாள் குறிச்சாத்தான் நான் அகப்பையத் தொடுவேன். இல்லன்னா எல்லாரும் பட்டினியாப் போங்க."

நூற்று முப்பத்தேழு பசித்த வயிறுகள் மாசிலாமணியைத் திரும்பிப் பார்த்தன. அசீரியர் படைகூட அப்படிப் பார்த்திருக்காது.

"பங்குனி கழியட்டும், தாரேன்," என்றார் மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா இந்தப் பய சும்மா போகப்பிடாது. திட்டுன ஊரு ஒண்ணுக்கு ஒரு ரூவா தண்டம், காணிக்கைப் பெட்டியில போடணும்."

அகப்பை அசைந்தது. சோறு விழுந்தது. இலைக்கு முன்னால் ஐயர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாலு கேள்வி சொல்லிக் குடுத்தேன்," என்றார். "மூணு நல்லாப் பிடிச்சிட்டீரு. யாருக்குச் சொல்லுதோம்கிறத மட்டும் விட்டுட்டீரே."

"வேலை, ஐயரே?"

"கறி நல்லா வெந்திருக்கு. சாப்பிடும்," என்றார்.

ஆக, பெண்ணுக்காக வேலை தேடிப் போனவன், வேலை இல்லாமல் பெண்ணோடு திரும்பினேன். மாமனாரின் கருப்பட்டிக் கடையில்தான் இன்றுவரை தராசு பிடிக்கிறேன். ஆட்டுக்காரரின் கட்டுக்கோப்புப்படி எங்கள் ஊரைத் திட்டவேண்டிய கடைசிப் பகுதி, மடித்த தாளிலேயே தங்கிவிட்டது. வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், பிள்ளைகள், "அடுத்து எந்த ஊருப்பா?" என்பார்கள்.

கங்கைகொண்டானுக்கும் டவுணுக்கும் தண்டம் கட்டியாயிற்று. நாங்குநேரிக்குக் கட்டப் புறப்படும்போதெல்லாம் பாக்கியம் வாசலை மறிப்பாள்.

"அதக் கட்டிராதிய. நீங்க சொன்னதுலயே அது ஒண்ணுதான மெய்யி? மெய்க்கு எதுக்குத் தண்டம்?"

அவள் அப்பா காதில் விழும்படிதான் சொல்வாள். பாக்கி, ஒரு ரூபாய்.