மாமனார் வந்த நாளில் நான் கடித்த விரல்

பல்வலி வந்தவனுக்கு உத்தியோகம், படிப்பு, குடும்ப கௌரவம் எதுவும் கிடையாது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடமாடும் ஒரு பிராணி, அவ்வளவுதான். மலாயாவில், குளுவாங்கிற்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது இந்த உண்மை எனக்குத் தெரிய வந்தது. அதுவும், எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்க்க வரவிருந்த வாரத்தில். (பல்லுக்குக்கூட நேரம் பார்க்கத் தெரிகிறது!)

முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் போனேன்.

"ஆம்பளதானே? கத்தாம இரு" என்றார். என் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு பல் பிடுங்கும் குறடை வாய்க்குள் நுழைத்தார். மரத்துப்போக மருந்து எதுவும் கிடையாது. பாதிப் பல் வெளியே வந்தது. மீதி உள்ளேயே தங்கிவிட்டது.

"நீ ஆடினதாலதான் ஒடஞ்சிச்சு" என்று பழியையும் என் தலையில் போட்டார். மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களின் பெயரைக் கூப்பிட நின்றேன். என் அலறலைக் கேட்டிருந்த ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவர்கள் எல்லோரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னம் பம்பளிமாஸ் பழமாகிவிட்டது. பெண்ணின் தகப்பனார் சவரிமுத்து, சிகாமட்டில் ரயில்வே வேலையில் இருந்தவர். மதிய ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தார். இந்த மூஞ்சியோடு அவர் முன்னால் எப்படி நிற்பது? பூசைக்குக்கூடப் போகாமல் குளுவாங் கடைத்தெருவில் இருந்த சீனப் பல் வைத்தியரிடம் ஓடினேன்.

ஒல்லியான மனிதர், ஐம்பது வயது இருக்கும். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைக் கட்டினார்.

"சாக்கிட் கா?" என்று மலாயில் கேட்டார். வலிக்கிறதா என்றுதான் கேட்டார். அந்த ஒரு கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்டிருக்கவில்லை.

அத்தோடு நான் ஒழுங்காக இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய விரலும் ஒரு சின்னக் கண்ணாடியும் வாய்க்குள் வந்தன. இரும்பு பல்லில் பட்டது. டிரஸ்ஸரின் முழங்கால் ஞாபகத்துக்கு வந்தது. என் தாடை தானாகவே மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால் அவருடைய ஆள்காட்டி விரலில் ரத்தம்!

எழுந்து ஓடினேன். கழுத்தில் துண்டு, காலில் சப்பாத்து இல்லை. தெருமுனையில் குடையும் வெள்ளைக் கோட்டுமாக எதிரே வந்த ஒரு பெரியவர் மீது மோதிக்கொண்டேன்.

"தம்பி, நீங்க அந்தோணிதானே?"

சவரிமுத்து! மதிய ரயிலில் வருவதாகச் சொன்னவர் காலை ரயிலிலேயே வந்துவிட்டிருந்தார்.

"போட்டோவுல கன்னம் ரெண்டும் ஒரே அளவாத்தானே இருந்துச்சு? ஐயோ, வாயெல்லாம் ரத்தம்!"

"பயப்படாதீங்க, இது என் ரத்தம் இல்லீங்க" என்றேன்.

(அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன். அவர் குடையைக் குறுக்கே பிடித்துக்கொண்டார்.)

அதற்குள் வைத்தியர் வந்து சேர்ந்துவிட்டார். ஒரு கையில் விரலைச் சுற்றித் துணிக் கட்டு, இன்னொரு கையில் என் சப்பாத்து. கல்யாணம் இத்தோடு முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். என்ன நடந்தது என்று சவரிமுத்து மலாயில் கேட்டார்.

வைத்தியர் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. தப்பு தன்னுடையது என்றார். என்ன செய்யப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், யாரோ இவரை முன்னால் ரொம்ப நோகடித்திருக்கிறார்கள் என்றார். பிறகு குனிந்து, சப்பாத்தை என் காலருகே வைத்தார். "தாப்பா, தாப்பா" என்று, பரவாயில்லை என்பதைக் குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுத்தெருவில், வருங்கால மாமனார் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். (மாப்பிள்ளை லட்சணம்!)

 சவரிமுத்து குடையை மடக்கினார்.

"வாங்க தம்பி, போலாம். நான் பக்கத்துலயே இருக்கேன்."

இந்த முறை வைத்தியர் ஒவ்வொரு கருவியையும் என் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஊசி சுருக்கென்று குத்தும் என்று முன்கூட்டியே சொன்னார். வேண்டாமென்றால் கையைத் தூக்கு, நிறுத்திவிடுகிறேன் என்றார். கொசு பறந்தால்கூடக் கையைத் தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினார். ஒருமுறை கருவியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத் தேத்தண்ணீரும் குடித்தார். முகம் மட்டும் சுளிக்கவே இல்லை. "பிளான், பிளான்" என்று, மெல்ல மெல்லத்தான் ஆகட்டும் என்றபடி இருந்தார்.

என் இன்னொரு கையைச் சவரிமுத்து பிடித்திருந்தார். அதை நான் நசுக்கிய நசுக்கலில் அவர் முகம்தான் சுளித்தது. பல் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது.

மரத்துப்போன வாயால் இருவரிடமும் மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். "ஊ... ஊ..." என்று எச்சில்தான் வழிந்தது. சவரிமுத்து தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டார். சாயங்கால ரயிலில் ஊருக்குப் போய்விட்டார்.

வீட்டில் அவர் என்ன சொன்னார் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"பையன் நல்லவன்தாம்மா. பயந்தவன், ஆனா அத மறைக்கத் தெரியல. பொல்லாதவனா இருந்தா மறைச்சிருப்பான். வாய்கிட்ட மட்டும் விரல கொண்டுபோயிடாத."

முதல் பிள்ளை பிறந்தபோது மாமனார் வந்தார். தொட்டிலில் குனிந்து, குழந்தையின் உதட்டைப் பிரித்துப் பார்த்தார். "பல்லு இல்ல. தைரியமா தூக்கலாம்!" என்று அறிவித்துவிட்டுத்தான் கையில் வாங்கினார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை பிறந்தாலும் யாராவது இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இப்போது என் வாயிலும் பல் இல்லை. ஆனாலும் பேத்திகள் விடுவதாக இல்லை. உதட்டைப் பிரித்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மடியில் வந்து உட்காருகிறார்கள்.